பூனை உறங்காத இரண்டாவது அடுப்பு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டியிருக்கும். எம்பிலிப்பிட்டியவில் எங்கள் வீட்டுக் குசினியில் ரைஸ் குக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது. மின்விசிறியும் மூச்சை விட்டது. பியூஸ் போய்விட்டதாக்கும் என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். தெரு முழுக்க இல்லை என்றார் எதிர்வீட்டுக்காரர். அரை மணி நேரத்தில் நாடு முழுக்கவே இல்லை என்று தெரிந்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அன்று மாலை வரை நாடே அந்தக் குரங்கை வைத்துச் சிரித்தது.

என் அம்மா சிரிக்கவில்லை. இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். பின்கதவைத் திறந்தார். கூரையிறப்பில் அடுக்கிவைத்திருந்த மிலாறில், அதாவது காய்ந்த தேயிலைக் குச்சியில், ஒரு கைப்பிடியை உருவினார். அரைவேக்காட்டில் நின்ற சோற்றைச் சட்டிக்கு மாற்றி, களிமண் அடுப்பில் ஏற்றினார். "தம்பி, நம்ம அடுப்பு கொரங்குக்கு எட்டாது" என்றார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாட்டில் ஒன்றரை மணி நேரம் சுழற்சி முறையில் மின்வெட்டு. ஞாயிறு மாலையே கோளாறு சரியாகி மின்சாரம் திரும்பிவிட்டதே, பிறகு ஏன் வெட்டு என்று பலர் கோபப்பட்டார்கள். கோபத்துக்கு விடை நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் இருந்தது. அங்கே போகுமுன் ஒரு குளிர்நாட்டு வீட்டுக்குப் போய்வருவோம்.

குளிர்நாடுகளில், குறிப்பாகப் போலந்திலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும், வீட்டு நிலவறையில் நிலக்கரிக் கொதிகலன் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைக்கு அறை அனுப்பும். எரிபொருள் மலிவு, சூடும் நின்று நிதானித்து வரும். ஆனால் கரி போட வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், நாலு நாள் ஊருக்குப் போய்வரலாம் என்றால் முடியாது. அணைந்தால் மனிதர்கள் நடுங்குவதோடு போகாது. குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாயையே வெடிக்க வைக்கும். அதனால் அந்த வீடுகளில் துணைக்கு இன்னொரு சூட்டு வழியும் வைத்துக்கொள்வார்கள். எண்ணெயா, எரிவாயுவா, மின்சாரமா, விறகா? அங்கே இது தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. எண்ணெய்க் கொதிகலனை வாங்கி வைத்தவர், பனிப்புயலில் கம்பி அறுந்த இரவில்தான் கண்டுபிடிப்பார்: அதன் பர்னருக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். கரிக் கொதிகலனை நிறுத்திய அதே புயல் துணைக்கு வைத்ததையும் நிறுத்திவிட்டது.

நம் நாட்டுக்கும் ஒரு நிலக்கரிக் கொதிகலன் உண்டு. சரியாகச் சொன்னால் மூன்று. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் ஒவ்வொன்றும் 300 மெகாவோட் வீதம் நிற்கும் லக்விஜய நிலையம். முதல் அலகு 2011 இல் ஓடத் தொடங்கியது, மூன்றும் 2014 இல் முழுமை பெற்றன. நாம் ஓர் ஆண்டில் எரிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அங்கிருந்து வருகிறது. அந்தக் கரியோ கடல் கடந்து வருகிறது. பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. ஆழ்கடலில் நங்கூரமிட, படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் அதுவும் முடியாது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே மழைக்காலத்துக்கும் சேர்த்துக் கரியைக் குவித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் விறகு வெட்டி அடுக்கும் தோட்டத்துக் கிழவிக்கும் மின்சார சபைக்கும் இந்த விடயத்தில் வித்தியாசமே இல்லை.

கரிக் கொதிகலனின் குணம் இன்னொன்று. அது மெல்லச் சூடாகும், மெல்லக் குளிரும். திடீரென்று கட்டமைப்பு விழுந்து அலகுகள் தெறித்து நின்றால், பொத்தானை அழுத்தித் திருப்பி எழுப்ப முடியாது. கொதிகலனைப் பதமாகச் சூடாக்க முதலில் எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். ஈர விறகுக்கு நாம் மண்ணெண்ணெய் தெளிப்பதுபோலத்தான். அதன் விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். நாடு முழுக்க இருண்ட நேரத்தில் அந்த மின்சாரத்தைத் தருவது மலைநாட்டு நீர்மின் நிலையங்கள். அணைக்கதவைத் திறந்தால் சுழலும் சுழலிகள் முதலில் எழுந்து, கையைக் கொடுத்துக் கரியைத் தூக்கிவிட வேண்டும். 2020 ஓகஸ்ட் 17 இல் கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறால் நாடு இருண்டபோதும் இதே கதைதான். அன்றிரவே வெளிச்சம் வந்தது. நுரைச்சோலை திரும்பும் வரை அந்த வாரம் முழுக்க முறைபோட்டு மின்வெட்டு.

இந்தப் பெரிய வீட்டின் இரண்டாவது அடுப்புகளில் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. எம்பிலிப்பிட்டிய என்றால் வெளியூர்க்காரருக்கு உடவளவை யானைகளும் தயிர்ச்சட்டியும் நினைவுக்கு வரும். இங்கே 2005 இல் ஓடத் தொடங்கிய 100 மெகாவோட் எண்ணெய் மின் நிலையம் ஒன்று உண்டு. எயிட்கன் ஸ்பென்ஸ் குழுமத்துடையது. பத்தாண்டு ஒப்பந்தம் 2015 இல் முடிந்தது. முடிந்த பிறகும் வானம் பொய்த்தபோதும் கட்டமைப்பு தள்ளாடியபோதும் அந்தக் கதவைத் தட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்த நிலையத்தைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு. சும்மா கிடக்கும் இயந்திரத்துக்குக் காசா என்பது ஒன்று. தேவைப்படும்போது கூரையை முட்டும் விலையா என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் கணக்கு உதைக்கும். சும்மா கிடக்கும் காலத்துக்கும் கொஞ்சம் கொடுத்தால்தான் அவசரத்தில் பேரம் பேசும் நிலையில் இருப்போம். ஒன்றுமே கொடுக்காமல் ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, இருட்டில் ஓடிப்போய்க் கதவைத் தட்டுபவனுக்கு யாரும் விலை குறைத்துக் கொடுப்பதில்லை. இதை மின்சார சபைக்குப் பொறியியலாளர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக் கடைசியில் மேலதிக சிலிண்டர் வாங்கி வைக்கும் எந்தக் குடும்பத் தலைவியும் சொல்வார்.

2023 ஓகஸ்ட் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. சிறுபோக நெல் கதிர் வாங்கும் நேரம். உடவளவை நீர்த்தேக்கம் வற்றிக் கிடந்தது. மேலே, பெலிஹுல்ஓயா பக்கம், 1992 முதல் 120 மெகாவோட் மின்சாரம் தரும் சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருந்தது. விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அந்தத் தண்ணீரை இப்போதே விட்டால் தென்மாகாணத்துக்கு மின்வெட்டு என்றது மின்சாரத் தரப்பு. விடாவிட்டால் பயிர் கருகும் என்றது நீர்ப்பாசனத் தரப்பு. கொழும்புப் பக்கத்தில் மின்சாரம் இருந்தாலும் தெற்குக்குக் கொண்டுவரப் போதிய உயரழுத்தக் கம்பி அப்போது பூர்த்தியாகவில்லை என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அமைச்சரவை தண்ணீரை விட முடிவுசெய்தது. பின்னாலேயே தெற்கின் பள்ளத்தை நிரப்ப அவசர மின்கொள்வனவு என்ற பேச்சும் வந்தது. எங்கள் ஊர் எண்ணெய் இயந்திரங்களின் பெயர் மீண்டும் அடிபட்டது.

அந்த நாட்களில் தேநீர்க் கடையில் ஒரு விவசாயி கேட்டார்: "நெல்லு காயும்போது லைட்டு எரிஞ்சு என்ன பார்க்கப் போறோம்?" கருகிய வயலையா என்பதை அவர் சொல்லவில்லை. பதில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அன்று இரண்டாவது அடுப்பு என்று ஒன்று பக்கத்திலேயே இருந்ததால்தான் தண்ணீரை வயலுக்கு விடலாம் என்ற தெரிவாவது இருந்தது. துணை வெப்பமும் துணை மின்சாரமும் முதலாவது நின்றபோது மட்டும் பயன்படுவதில்லை. முதலாவதை வேறு நல்ல காரியத்துக்கு விட்டுக்கொடுக்கவும் அவைதான் துணிவு தருகின்றன.

சரி, இரண்டாவது ஒன்று இருந்தால் போதுமா? 2022 அந்த நம்பிக்கையை உடைத்தது. மார்ச் 31 ஆம் திகதி பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவு. அப்படியானால் எண்ணெய் நிலையங்களை ஓட்டலாமே? எண்ணெய் இல்லை. எண்ணெய் கடலில் இல்லாமல் இல்லை. வாங்க டொலர் இல்லை. வீட்டில் ரைஸ் குக்கர் நின்றது. காஸ் அடுப்புக்குத் திரும்பினால், காஸும் டொலரில் வாங்குவது. மண்ணெண்ணெய் குக்கருக்குத் திரும்பினால் அதுவும் டொலர். பார்ப்பதற்கு நாலு அடுப்பு. நாலும் ஒரே கப்பலில் வந்தவை. அந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காசுக்காகக் காத்துக்கிடந்தபோது நாலும் ஒன்றாக அணைந்தன.

விலைகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 நடுப்பகுதியில் 1,493 ரூபா. 2022 ஏப்ரல் முடிவில் 4,860. அந்த விலைக்கும் சிலிண்டர் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து இரவெல்லாம் வரிசையில் விட்டுவைத்திருந்தோம். நான் இரண்டு இரவு அந்தச் சங்கிலிக்குக் காவல் இருந்தேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்த செய்திகள் நாள்தோறும் வந்து, விசாரிக்க ஒரு குழுவும் நியமிக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. தோட்டத்து லயத்தில் விளக்குக்கும் ஈர விறகைப் பற்றவைக்கவும் போத்தல் கணக்கில் வாங்குகிற சனத்துக்கு அந்த அடி எப்படி விழுந்தது என்பதைப் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை.

ஆகவே துணை அடுப்பைத் தெரிவுசெய்பவர் முதலில் பார்க்க வேண்டியது விலையல்ல என்பது என் கட்சி. எது நின்றால் இதுவும் நிற்கும் என்று பார்க்க வேண்டும். கேள்வியை அப்படித் திருப்பிக் கேட்டால், கடையில் பளபளக்கும் பல சாமான்கள் கீழே இறங்கிவிடுகின்றன.

இன்டக்சன் அடுப்பை எடுங்கள். வேகமானது, புகையில்லை, வெடிக்காது. காஸ் முதன்மை அடுப்பாக இருக்கும் வீட்டில், சிலிண்டர் தீர்ந்த சாமத்துக்கு இது நல்ல துணை. ஆனால் மின்சாரம் கப்பலோடு கட்டப்பட்டிருக்கும் வரை, 2022 மாதிரி ஒரு வருடத்தில் அது வெறும் கண்ணாடிப் பலகை. கூரையில் சோலார் இருக்கிறதே என்பார்கள். எம்பிலிப்பிட்டிய வெயிலுக்குக் குறைவில்லைதான். ஆனால் கட்டமைப்போடு இணைத்த சாதாரண சோலார், தெருவில் மின்சாரம் போனதும் தானும் அணைந்துவிடும்; கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அந்தப் பெப்ரவரி ஞாயிறு, உச்சி வெயிலில், பத்துத் தகடு பதித்த பக்கத்து வீட்டிலும் விசிறி ஓடவில்லை. அது போதாதென்று 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைவு என்று கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மின்கலம் சேர்த்தால்தான் சோலார் துணை. மின்கலத்தின் விலை கேட்டால் நம்மில் பலருக்குத் துணையே வேண்டாம் என்றாகிவிடும்.

2022 இல் திடீரென்று சந்தைக்கு வந்த சிரட்டைக்கரி அடுப்பு இன்னும் சில வீடுகளில் மூலையில் கிடக்கிறது. அடியில் சிறு விசிறி, அதற்கு ஒரு பற்றரி. சிரட்டைக்கரி நம் மண்ணிலேயே கிடைக்கும், தணல் நன்றாக இருக்கும். குறை அந்த விசிறியில். பதின்மூன்று மணி நேர மின்வெட்டில் பற்றரிக்கு எங்கே சார்ஜ் ஏற்றுவது? பென்சில்வேனியாக்காரரின் பம்புக் கதையேதான், சிறிய அளவில். அந்த அடுப்பு வாங்கியவர்கள் பனையோலை விசிறியும் ஒன்று வாங்கி வைத்தால் பிழைத்தார்கள்.

மாடு வைத்திருப்பவருக்கு உயிர்வாயு நல்லது. வளவைப் பக்கம் தயிருக்குக் கறக்கும் வீடுகள் ஏராளம். சாணத்தைக் குழியில் விட்டால் குசினிக்கு நீலச்சுடர், மிஞ்சுவது தோட்டத்துக்கு உரம். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், குழிக்கும் தண்ணீர் வேண்டும், அடுத்த வறட்சியில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. லயத்தில் இருப்பவருக்கோ குழி தோண்டச் சொந்த மண்ணே இல்லை.

விறகுக்கு வருவோம். இதைச் சொன்னதும் பின்னோக்கிப் போகச் சொல்கிறீர்களா என்று இளைஞர்கள் சண்டைக்கு வருவார்கள். பின்னால் போக வேண்டியதில்லை, நாம் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. நம் பெருந்தோட்டத் தொழிலே விறகில்தான் ஓடுகிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டவும், நொதித்த இலையைச் சூடுகாற்றில் காய வைக்கவும் எரிவது விறகு. ஒரு காலத்தில் அங்கே எண்ணெய் எரிந்தது. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாய்ந்த பிறகுதான் ஸ்டோர்கள் ஒவ்வொன்றாக விறகுக்குத் திரும்பின. பால் வற்றிய இறப்பர் மரங்கள், சபரகமுவவில் மலை மலையாகப் பிடுங்கப்பட்டு, லொறி லொறியாக ஸ்டோருக்குப் போகின்றன. அதே ஸ்டோர், உலர்த்தியின் விசிறியை ஓட்ட ஒரு டீசல் ஜெனரேட்டரும் வைத்திருக்கிறது. நொதித்துக்கொண்டிருக்கும் இலை மின்சாரம் வரும்வரை காத்திருக்காது. அரை இரவு போனால் ஒரு நாள் கொழுந்தும் குப்பை. வெப்பத்துக்கு ஒரு வழி, ஓட்டத்துக்கு வேறொரு வழி என்று பிரித்துவைத்த அந்தப் பழைய புத்தி, துரைமாருக்கு நட்டம் கற்றுக்கொடுத்தது.

அதற்காக விறகைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் என்னால் முடியாது. லயக் காம்பராவின் பின்பக்கக் குசினியில் சுவரும் கூரையும் ஒரே கருப்பு. அம்மாவின் கண் இரண்டும் ஐம்பது வயதிலேயே எரியத் தொடங்கின. இருமல் இன்றும் விடியற்காலையில் எழுப்புகிறது. மலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, கவ்வாத்து வெட்டிய பகுதியில் மிலாறு பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவருவதும் பெண்களே. மிலாறு கிடைக்காத காலத்தில் காட்டோரம் கை நீளும். இறக்குவானை, தெனியாய பக்கம் அந்தக் காடு சிங்கராஜாவரை போகிறது. விறகு இலவசம் என்று சொல்கிறவர் பெரும்பாலும் விறகு சுமக்காதவராக இருப்பார்.

விறகை விடவும் முடியாது, இப்படியே வைத்திருக்கவும் முடியாது. செய்ய வேண்டியவை பெரிய விஞ்ஞானம் கேட்கவில்லை. 1980களில் மின்சார சபையும் தொண்டு நிறுவனமொன்றும் சேர்ந்து பரப்பிய அனகி அடுப்பு இன்னும் சந்தையில் கிடைக்கிறது: களிமண்ணில் செய்தது, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானைக்குச் சூடு போகும். மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகு, குறைந்த புகை. அதோடு ஒரு புகைபோக்கி சேர்ந்தால் அம்மாவின் இருமலில் பாதி இருந்திருக்காது. விறகுக்குக் காட்டுக்குப் போகவும் வேண்டியதில்லை. கிளிரிசிடியாவை 2005 இல் அரசு தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகவே அறிவித்தது. வேலிக்கும் மிளகுக்கொடிக்கும் நடுகிற அதே மரம். வெட்ட வெட்டத் தழைக்கும், இலை மாட்டுக்கும் மண்ணுக்கும் போகும். அறிவிப்பு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. தோட்டத்து லயங்களைச் சுற்றியுள்ள தரிசில் அந்த மரத்துக்கு ஒதுக்கிய நிலத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

தோட்டங்களில் இப்போது தனிக் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன. இந்திய உதவியில் நாலாயிரம், அதற்கு மேல் பத்தாயிரம் என்று திட்டங்கள் வந்தன. லயத்தின் இருட்டிலிருந்து வெளியே வருவது பெரிய காரியம். அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் எந்த வீட்டுத் திட்டமாக இருந்தாலும், குசினியின் படத்தை வரைபவர் காஸ் அடுப்பை மட்டும் மனதில் வைத்து வரையக் கூடாது. இரண்டடி அகலத்தில் ஒரு விறகு அடுப்புத் திட்டு, கூரைக்கு மேலே போகும் ஒரு புகைபோக்கி, விறகு அடுக்க மழை நனைக்காத ஓர் இடம். கட்டும்போது வைத்தால் செலவு சில மூட்டை சீமெந்து. கட்டிய பிறகு வைக்கப் போனால் சுவர் உடைக்க வேண்டும். சுவர் உடைக்க விரும்பாதவர் வெளியே தகரம் சாய்த்து மூன்று கல் வைப்பார். புதிய வீட்டிலும் பழைய புகை.

அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அந்த வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை என்று நம்மவர்கள் சொல்வார்கள். இரண்டாவது அடுப்புக்கு எப்போதும் அந்த ஆபத்து உண்டு. தேவைப்படாத வரை அதில் பூனைதான் படுக்கும். திரி இறுகும், களிமண் வெடிக்கும், விறகில் கறையான் ஏறும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு பின்னடுப்பில். காஸும் மின்சாரமும் இருந்தாலும் அப்படித்தான். எம்பிலிப்பிட்டிய எண்ணெய் இயந்திரங்களையும் கொஞ்ச நேரமாவது ஓட்டிப் பார்க்கிறார்களா என்று அந்த வெள்ளிக்கிழமைகளில் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் கடைசியில் பின்னடுப்புக்குப் புகைபோக்கி வைக்க மேசன் ஒருவரைக் கூப்பிட்டேன். காலையில் வந்து அளவெடுத்தார். எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டார். நமது கூரைக்கு மேலே இரண்டடி போதுமே என்றேன். அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "பக்கத்து வீட்டுக் கூரையையும் தாண்டிப் போகட்டும். அவங்க வீட்லயும் ஒரு கிழவி இருக்கா."